தனிச் சட்டி இல்லாத கலியாணம்

1

திருகோணமலையிலிருந்து யார் பேசினாலும் சுகம் விசாரித்த பிறகு வருகிற கேள்வி ஒன்றுதான்: அங்கே என்ன சாப்பிடுகிறாய்? சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் என்று சொன்னால் மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். பிள்ளை கெட்டுப்போகவில்லை என்கிற நிம்மதி. அந்த ஆட்டுக்கறி யாருடைய சட்டியில் வெந்தது என்பதை நான் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் தொலைபேசி அட்டையில் இருக்கிற நிமிடங்கள் எல்லாம் அதற்கே போய்விடும். ஆகவே எழுதிவிடுகிறேன்.

அது ஜமேக்காக்காரர் ஆட்டுக்கறி. ஓம், ஜமேக்காதான். வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு வேகப்பந்து வீச்சாளர்களை அனுப்பிவைக்கிற தீவு என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கும் எதுவும் தெரியாமல்தான் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்தேன். இப்போது அந்த நாட்டுக் கலியாணச் சாப்பாட்டைப் பற்றி யாராவது பரீட்சை வைத்தால், நான் படிக்கிற பொறியியலை விட அதில் நல்ல புள்ளி எடுப்பேன்.

இதை எழுத வைத்தது போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தையின் ஞானஸ்நான விருந்து. அங்கே நடந்தது மிகச் சின்ன விஷயம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கலியாணத்தைச் சொல்ல வேண்டும். கலியாணத்துக்கு முன்னால் அக்காவுக்கு வேலை போன கதையைச் சொல்ல வேண்டும்.

2

அக்கா இங்கே வந்த நாள் முதல் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ட்டுக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். வேலை சீனாவுக்குப் போகிறது என்று ஒரு நாள் சொன்னார்கள். வேலை போய்விட்டது, அக்கா மட்டும் மொன்றியலில் நின்றுவிட்டாள். அத்தான் ஒரு பேக்கரியில் வேலை. நகரின் வில்லரே பகுதியில் எங்கள் வீட்டில் நான்கு பேர்: அக்கா, அத்தான், நான், அக்காவின் மகள் ஆரணி.

வேலை தேடித் தரும் அலுவலகத்துக்கு மொழிபெயர்க்க நான் போனேன். அங்கே இருந்த பெண்மணி நல்லவர். அக்காவுக்குச் சமையல் அனுபவம் உண்டா என்று பிரெஞ்சில் கேட்டார். எங்கள் வீட்டில் ஒன்பது பேருக்கு மூன்று வேளையும் இவள்தான் சமைத்தவள் என்று சொன்னேன். அது அனுபவம் இல்லையாம், அது குடும்பமாம். கணினியில் அதற்குக் கட்டம் கிடையாது. பிரெஞ்சு வகுப்புக்குப் பெயர் பதியச் சொன்னார். அக்காவின் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு: சீக்கிரம், நேராக, மறுபடி, முழுசாக, கத்தரிக்கோல் எங்கே. கூடப் பிறந்த எனக்கே அவள் பிரெஞ்சு பேசும்போது யாரோ என்னை விரட்டுவது போலிருக்கும்.

கடைசியில் வேலை கிடைத்தது அலுவலகத்தால் அல்ல. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஒஸ்வால்ட் என்ற ஜமேக்கா அண்ணை, தன் ஒன்றுவிட்ட சகோதரி கலியாணங்களுக்கும் தேவாலய விருந்துகளுக்கும் சமைத்துக் கொடுப்பவர் என்றும், வெங்காயம் வெட்ட ஆள் தேவை என்றும் சொன்னார். அவர்தான் மிஸ் வேர்னா. சமையற்கூடம் நகரின் இன்னொரு பகுதியான நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறை. அக்காவுக்கு ஆங்கிலம் வராது, மிஸ் வேர்னாவுக்குப் பிரெஞ்சு வராது. ஆகவே சனிக்கிழமைகளில் மொழிபெயர்ப்பாளனாக நானும் போனேன். பிறகு மொழிபெயர்க்க எதுவும் இல்லாத நாட்களிலும் போனேன்.

3

என் ஆர்வத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், இந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

முதலில் எஸ்கொவிச் மீன். முழு மீனை மொறுமொறுவென்று பொரித்து, அதன் மேல் வினாகிரியில் காய்ச்சிய வெங்காயமும் கரட்டும் மிளகாயும் கொட்டுவார்கள். பொரித்த மீனின் தலையில் அச்சாறைக் கவிழ்த்தது போல. அக்கா முதல் நாள் அதைப் பார்த்து, மீனைக் கெடுத்துப்போட்டார்கள் என்றாள். இரண்டாம் வாரம் வீட்டில் செய்தாள். பிறகு அக்கி. அது ஒரு பழம், வேகவைத்தால் பொரியல் முட்டை போலிருக்கும். அதைக் கருவாட்டோடு வதக்குவார்கள். அந்தக் கருவாடு ஒரு காலத்தில் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து கப்பலில் ஜமேக்காவுக்குப் போனதாம். இங்கே பிடித்த மீனை அங்கே அனுப்பி, அங்கே பிறந்தவர்கள் இங்கே வந்து சாப்பிடுகிறார்கள். ஜேர்க் கோழிக்கு மசாலா பூசி ஒரு இரவு ஊறவைத்து, புகையில் சுடுவார்கள். அதுவும் தீயும் ஒஸ்வால்ட் அண்ணையின் பொறுப்பு, வேறு யாரும் கிட்டப் போகக் கூடாது. குடிக்க, புளிச்சைப் பூவும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய சிவப்புப் பானம். கலியாணக் கேக் கறுப்பு. றம்மில் மாதக்கணக்காக ஊறிய பழங்கள். எங்களூர்க் கலியாணக் கேக்கின் கறுத்த அக்கா என்று வையுங்கள்.

ஆட்டுக்கறி எங்கள் ஆட்கள் கொண்டுபோனது என்று ஒரு நாள் மிஸ் வேர்னாவுக்கு விளக்கினேன். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள், கறித்தூள், மஞ்சள் என்று நூலகத்தில் படித்ததையெல்லாம் அடுக்கினேன். அவர் இறைச்சியைக் கிளறியபடி பொறுமையாகக் கேட்டார். பிறகு, அப்படியென்றால் உன் அக்காவுக்கு ஏன் இன்னும் அது சரியாக வரவில்லை என்று கேட்டார். ஒஸ்வால்ட் அண்ணை சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சோறு. சிவப்பு அவரைச் சோறு. அவரையை ஊறவைத்து அவித்து, அந்த நீரிலேயே தேங்காய்ப்பால் விட்டு, தைம் இலையும் வெங்காயத் தாளும் போட்டு, அரிசியைக் கொட்டி மூடுவார்கள். அரிசி போடுவதற்கு முன் ஒரு மிளகாய் போடுவார்கள். உருண்டையாக, சுருங்கி, சின்னப் பூசணிக்காய் போலிருக்கும். சிங்களவர் நைமிரிஸ் என்பார்களே, அதன் நெருங்கிய உறவு. காம்போடு முழுசாக மேலே மிதக்க விடுவார்கள். வாசம் மட்டும் சோற்றுக்கு, காரம் மிளகாய்க்குள்ளேயே. வெந்ததும் காம்பைப் பிடித்து எடுத்துவிடுவார்கள். அந்தச் சோற்றைக் கைக்குழந்தையும் சாப்பிடும்.

ஆரணியே சாப்பிட்டாள் என்றால் பாருங்கள். ஆரணிக்கு ஒன்பது வயது. இங்கே பிறந்தவள், நாக்கும் இங்கே பிறந்தது. அக்கா வைக்கிற எதைத் தொட்டாலும் "பிக்கோன்" என்பாள். பிரெஞ்சில் உறைக்குது என்று அர்த்தம். சொதி உறைக்குது, பருப்பு உறைக்குது, ஒரு முறை தயிர் உறைக்குது என்றாள். தன் பிள்ளை தன் கையால் சாப்பிடாதது அக்காவுக்கு உள்ளூர ஒரு புண். அதே பிள்ளை மிஸ் வேர்னாவின் சோற்றை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முழுக்கச் சட்டிகளைக் கொஞ்சம் பலமாகக் கழுவினாள்.

4

மிஸ் வேர்னாவின் ஒரே மகள் சிமோனுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை மத்தியூ, கெபெக் மாகாணத்தின் வடக்கே ஒரு சிறிய ஊர்க்காரன். பரம்பரை பரம்பரையாகப் பிரெஞ்சு பேசுகிற குடும்பம். அவர்களுக்கு மிளகு என்றாலே சாகசம். சிமோன் தாயிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்: அவர்கள் பக்கத்துக்கு வேறாக ஒரு மேசை போடுவோம், கொஞ்சம் சமன் மீன், கொஞ்சம் பாஸ்தா. மிஸ் வேர்னா முடியாது என்றார். இரண்டாம் முறை சிமோன் அழுதுகொண்டு கேட்டாள். அன்றைக்கு நானும் அக்காவும் கரட் சீவிக்கொண்டு அங்கேயே நின்றோம்.

மிஸ் வேர்னா சொன்னதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அவருடைய ஆங்கிலத்துக்கு அதுதான் கிட்ட வரும்.

"நான் இந்த ஊருக்கு வீட்டு வேலைக்கு வந்தனான். அந்தப் பெரிய வீட்டில அவைக்கு ஒரு சட்டி, எனக்கு ஒரு சட்டி. ரெண்டையும் நான்தான் சமைச்சனான். என்ர சட்டியைத் தனியக் கழுவி, தனிய வைக்கோணும். என்ர மகளின்ர கலியாணத்தில ஆருக்கும் தனிச் சட்டி இல்லை. அவையும் எங்கட சோறு தின்னட்டும். உறைக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். தனிச் சட்டி, தனிக் குவளை என்பதற்கெல்லாம் எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை. அக்கா கரட்டைக் கீழே வைத்துவிட்டு, "அவ சொல்லுறது சரி" என்று தமிழிலேயே சிமோனிடம் சொன்னாள். சிமோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ என்ன சொல்கிறா என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. ஆனால் விளங்கியிருக்கும்.

5

கலியாணம் ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு அது புரட்டாதிச் சனி. அக்கா கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் விளக்கு எரித்துவிட்டு, விரதத்தோடு நேராகச் சமையற்கூடத்துக்கு வந்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அவள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

மிஸ் வேர்னா தலைமயிர் அலங்காரத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒஸ்வால்ட் அண்ணை பின்பக்கம் கோழியோடு புகைக்குள் நின்றார். ஆகவே மூன்று பெரிய சட்டிச் சோறு அக்காவிடம் வந்தது, முதல் முறையாக. மிஸ் வேர்னா ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பால் கொதித்ததும் இலை, தாள், மிளகாய், பிறகு அரிசி, பிறகு மூடி. மிளகாய்கள் ஒரு தட்டில் எண்ணி வைக்கப்பட்டிருந்தன. அக்கா அவர் செய்வதை எத்தனையோ சனிக்கிழமை பக்கத்தில் நின்று பார்த்தவள். நான் நாற்காலிகள் ஏற்றப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மிஸ் வேர்னாவும் வந்திருந்தார். தலை முழுக்கச் சுருள் உருளைகள், மேலே ஒரு வலைத் தொப்பி. முதல் சட்டியின் மூடியைத் திறந்தார். நீராவி முகத்தில் அடித்ததும் இருமினார். கரண்டியால் மேற்சோற்றை விலக்கினார். மிளகாய் மேலே முழுசாக இல்லை; தோல் ஒரு பக்கம், விதை சோறு முழுக்க. இரண்டாம் சட்டியும் அப்படியே. மூன்றாவதில் அரிசி இன்னும் விழவில்லை, கீறிய மிளகாயோடு பால் மட்டும் செம்மஞ்சளாகக் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் சட்டியிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தார். பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார்.

"ஏன் கீறினது எண்டு கேள்" என்றார் என்னிடம். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்காவின் கையில் இன்னும் கத்தி இருந்தது. "வெடிச்சிடும் எண்டுதான் கீறினனான்" என்றாள். "முழு மிளகாயை ஆரும் அப்பிடியே போடுறதே? முகத்தில வெடிக்குமெல்லே?"

எங்கள் வீடுகளில் எண்ணெய்க்குள் போகிற எந்த மிளகாயும் கீறாமல் போவதில்லை. கீறாவிட்டால் வெடித்துக் கண்ணில் அடிக்கும். அது யோசித்துச் செய்கிற காரியம் அல்ல, கை தானாகச் செய்யும். அவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை விட, கை பழையது. நான் மொழிபெயர்த்தேன். மிஸ் வேர்னா என்னை வெறித்துப் பார்த்தார்.

"நாங்களும் வெடிக்கப்படாது எண்டுதான் முழுசாப் போடுறது" என்றார். பிறகு சுருள் உருளைகள் ஆட ஆட ஒரு சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையானது.

ஒஸ்வால்ட் அண்ணை புகை மணத்தோடு உள்ளே வந்து, ருசி பார்த்து, நல்லாத்தானே இருக்கு என்றார். அவருடைய நாக்கு தீயணைப்புப் படைக்கு ஏற்றது. இதை எங்கட ஆட்களுக்குக் குடுப்போம், மாப்பிள்ளை பக்கத்துக்குப் பாஸ்தா சொல்லி எடுப்பிப்போம் என்றார். நியாயமான யோசனை. யாரும் குற்றம் சொல்ல முடியாது. மிஸ் வேர்னா தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. ஆனால் வேறென்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

அக்கா என் கையைப் பிடித்தாள். "தம்பி, சொல்லு. மிளகாய் இல்லாமத் தேங்காய்ப்பாலில பாற்சோறு காய்ச்சுவம். அதை இதோட கலப்பம். எல்லாச் சட்டியையும் ஒண்டாக் கலப்பம். பிரிக்க வேண்டாம் எண்டு சொல்லு."

சொன்னேன். சோறு நிறம் மாறும் என்றார் மிஸ் வேர்னா. மாறும் என்றாள் அக்கா. பிறகு மிஸ் வேர்னா எழுந்து அரிசி மூட்டையை இழுத்தார்.

நான் ஓடினேன். தேங்காய்ப்பால் தமிழ்க் கடையில் கிடைத்தது. பாற்சோற்றுக்கும் சிவப்பு அவரை வேண்டும்; ஊறவைக்க நேரமில்லை, தகரத்தில் அவித்ததாக வாங்க வேண்டும். தெருமுனையில் தெப்பனேர் என்கிற சின்னக் கடையில் பெரிய பெரிய தகரங்களாக இருந்தது மேப்பிள் பாகில் பன்றியிறைச்சியோடு அவித்த அவரை. அது கெபெக்காரரின் பழைய சாப்பாடு; வாங்கியிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் மட்டும் மிக மகிழ்ந்திருப்பார்கள். நாலாவது கடையில் வெறும் சிவப்பு அவரை அகப்பட்டது.

சோற்றைக் கிளறினால் உடையும். அக்கா அகலத் தட்டங்களில் பரப்பி, கையுறை போட்டுக்கொண்டு, எங்கள் கலியாண வீடுகளில் புளிச்சாதம் கலப்பது போல விரல்களால் கலந்தாள். சிக்கல் ருசி பார்ப்பதில். அக்காவுக்கு விரதம். மிஸ் வேர்னாவின் நாக்கும் ஒஸ்வால்ட் அண்ணையின் நாக்கும் எனது நாக்கும் இதற்கு உதவாது. எங்களுக்கு வேண்டியது மாப்பிள்ளையின் வடக்கு ஊர் நாக்கு ஒன்று.

அக்காதான் சொன்னாள்: "ஆரணியைக் கூப்பிடு."

சனிக்கிழமை என்பதால் ஆரணி அங்கேதான், அலுவலக அறையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். முதல் கரண்டிக்கு அவள் துள்ளிய துள்ளலில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. இன்னும் பாற்சோறு சேர்த்தோம். பிக்கோன். மேலும் சேர்த்தோம். "அன் ப்தி பெ", கொஞ்சம் உறைக்குது. அந்தப் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு நான்கு பெரிய மனிதர்கள் மூச்சுவிடாமல் நின்றோம். கடைசியில் அவள் மென்று, விழுங்கி, யோசித்து, "சா வா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். அக்கா கையுறையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு, இன்னும் வேண்டும் என்று ஆரணி தட்டை நீட்டினாள். அக்காவின் கை கலந்த சோறு. அக்கா அதைக் கவனித்தாளா என்று அப்போது தெரியவில்லை.

6

தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் விருந்து. மிஸ் வேர்னா ஊதா உடையில் உருளைகளின் சுவடே இல்லாமல் ராணி போல நின்று, தன் கையால் பரிமாறினார். எல்லோருக்கும் ஒரே தட்டங்களிலிருந்து.

இரண்டு பக்கமும் திருப்தியில்லை என்பதுதான் உண்மை. ஜமேக்காப் பெரியம்மா ஒருவர் தட்டைப் பார்த்து, சோறு ஏன் பயந்துபோய் வெளிறியிருக்கிறது என்று கேட்டார். இன்னொருவர், யார் இதில் காரம் போட்டது, இது எந்த ஊர்ப் பழக்கம் என்றார். மாப்பிள்ளை பக்கம் ஆரணியை விட நாக்கு மெலிந்தவர்களும் இருந்தார்கள். மத்தியூவின் தாய் மதாம் ஜினெத் நன்றாகச் சிவந்துபோனார். கைவிசிறியாக வழிபாட்டுத் தாளை எடுத்துக்கொண்டார். மத்தியூவின் தந்தையின் கண்ணில் நீர் ஓடியது. மகனின் கலியாணம்; எதற்காக ஓடுகிறது என்று கேட்க முடியாது.

மிஸ் வேர்னா பரிமாறுவதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சிமோனும் பார்த்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அக்கா, அவளுக்குப் பின்னால் நான்.

மதாம் ஜினெத் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டார். எழுந்து மிஸ் வேர்னாவிடம் வந்து, இரண்டு கையாலும் எதையோ பிய்த்துக் காட்டினார். பாண். பாணும் வெண்ணெயும் இருக்கிறதா? இருந்தது, நிறையவே. ஜமேக்காப் பாண், கட்டியானது, கொஞ்சம் இனிப்பு. அவர் ஒரு துண்டில் வெண்ணெய் தடவி, மேலே சோற்றை வைத்து, கடித்தார். இன்னொரு கடி. தன் ஊர்க்காரருக்குக் கையைக் காட்டினார், இப்படி. பிறகு அந்த மேசைகள் எல்லாம் பாண் கேட்டன. வெளிறிய சோற்றைக் குறை சொன்ன பெரியம்மாவும், அவர்களுக்கு மட்டும் என்ன என்று தனக்கும் ஒரு துண்டு எடுத்தார். தட்டங்கள் காலியாயின. பாஸ்தா வரவில்லை.

அக்கா அன்றிரவு விளக்கு வைத்த பிறகு விரதம் முடித்தாள். மிச்சமிருந்த சோறு ஒரு பிடி. "உறைப்புக் காணாது" என்றாள்.

7

திங்கட்கிழமை மிஸ் வேர்னா எங்கள் இருவரையும் வரச் சொன்னார். வேலை போகப்போகிறது என்று அக்கா நல்ல சேலை உடுத்திக்கொண்டாள். மரியாதையாகப் போவோம் என்றாள். மிஸ் வேர்னா எனக்குச் சொன்னது இது:

"உன்ர அக்காட்டச் சொல்லு. அது என்ர சோறில்லை. இனி ஒருநாளும் அதைச் சமைக்க மாட்டன். ஆனா எல்லாரும் ஒண்டைத்தான் திண்டவை."

பிறகு ஒரு சட்டி நீரை அடுப்பில் வைத்து, ஒரு மிளகாயை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அக்கா முதலில் கத்தியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அதன் பிறகுதான் காம்பைப் பிடித்தாள். இன்றைக்கும் அப்படித்தான். மிளகாயைத் தொடும் முன் கத்தி உள்ளே போக வேண்டும்.

ஊரில் கேட்பீர்கள், ஆரணி இப்போது அக்காவின் சமையலைச் சாப்பிடுகிறாளா என்று. முழுதாக இல்லை. சொதியில் முழு மிளகாய் மிதக்கிற நாட்களில் சாப்பிடுகிறாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். அதற்கு இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

போன ஞாயிறு சிமோனின் குழந்தைக்கு ஞானஸ்நானம். சின்ன விருந்து, மிஸ் வேர்னாவின் வீட்டிலேயே. மிஸ் வேர்னா குழந்தையோடு கூடத்தில் இருந்தார், அடுப்படியில் அக்கா. நான் தேங்காய்ப்பால் தகரங்களைத் திறந்துகொண்டிருந்தேன். மதாம் ஜினெத் விடிய வெளிக்கிட்டு வடக்கிலிருந்து வந்தவர், சும்மா இருக்க மனமில்லாமல் மேலங்கியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஏதாவது செய்கிறேன் என்றார். பேசிக்கொண்டே மேசையில் இருந்த மிளகாயை எடுத்தார். விதையை நீக்கினால் உறைப்புக் குறையும் என்று இப்போது யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டும் பலகையிலிருந்து கத்தியையும் எடுத்தார்.

அக்கா பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நோ, மதாம். ஆன்தியே." முழுசாக. தொழிற்சாலையில் துணிச்சுருளுக்குச் சொன்ன அதே சொல், அதே விரட்டுகிற குரல்.

மதாம் ஜினெத் திகைத்துப்போய் நின்றார். ஏன் என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, வெடிக்கப்படாது என்பதற்குப் பிரெஞ்சில் என்ன என்று கேட்டாள். நான் சொல்வதற்குள் அவளே கன்னத்தைக் காற்றால் நிரப்பி, விரல்களை விரித்து, படாரென்று காட்டிவிட்டாள். பிறகு தன் கண்ணைக் கசக்கி அழுது காட்டினாள். மதாம் ஜினெத் கலியாணத்தன்று சிவந்த அதே சிவப்புச் சிவந்தார். விளங்கிவிட்டது. "ஆ," என்றார், "அன்றைக்கு..." என்று இழுத்தார். அக்கா ஓம் என்று தலையாட்டி, தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டினாள். இருவரும் சிரித்த சத்தத்தில் கூடத்திலிருந்து மிஸ் வேர்னா, என்ன உடைந்தது என்று கேட்டார்.

அக்கா கத்தியை வாங்கி இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். மிளகாயின் காம்பை மதாம் ஜினெத்தின் விரல்களுக்குள் வைத்து, "இந்தாங்கோ, நீங்களே போடுங்கோ" என்றாள், தமிழில். அவர் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற கவனத்தோடு அதைப் பாலின் மேல் விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி மிதந்தது. மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் சட்டி ஒன்றுதான் இருந்தது.